வழுவும் வழுவமைதியும்

மயூர் விகாரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் இரண்டு இரும்பு அலமாரிகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ அறுநூறு தமிழ் நூல்கள். ஊருக்குத் திரும்பியவர்கள் விட்டுச் சென்றவை சில. மறைந்தவர்களின் பிள்ளைகள், தங்களுக்குப் படிக்க வராதே என்ற வருத்தத்தோடு கொண்டுவந்து கொடுத்தவை பல. நூலகம் என்று சொல்லிக்கொள்ள நாணும் அளவினதுதான். ஆயினும் ஞாயிறுதோறும் மாலையில் இரண்டு மணி நேரம் அதைத் திறந்து வைக்கிறோம். பணி ஓய்வுக்குப் பின் அதன் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

நூல்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று தோன்றியது. விலையின்றிக் கிடைக்கும் சிறியதொரு மென்பொருளை அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் என் கணிப்பொறியில் அமைத்துக் கொடுத்தார். மூன்று மாதம் உட்கார்ந்து, தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு எல்லாவற்றையும் தமிழ் 99 விசைப்பலகையில் தட்டினேன். ஒரு பொத்தானை அழுத்தியதும் அறுநூறு தலைப்புகளும் அகரவரிசையில் வந்து நின்றன. அதை அச்சிட்டுச் சுவரில் தொங்கவிட்டு, அந்த வரிசைப்படியே நூல்களையும் அடுக்கினோம்.

2022 கார்த்திகையில் ஒரு ஞாயிறு மாலை, கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் வந்து மனோன்மணீயம் கேட்டார். சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட அந்நாடகத்தின் பிற்காலப் பதிப்பொன்று எங்களிடம் உண்டு என்பதை நான் நன்கறிவேன். பட்டியலில் மகரத்தின் கடைசிப் பகுதிக்குச் சென்றேன். தி. ஜானகிராமனின் மரப்பசு இருந்தது, மலைபடுகடாம் இருந்தது. அதற்கு அடுத்து மனோன்மணீயம் இருக்க வேண்டும். இல்லை, 'மா' தொடங்கிவிட்டது. அலமாரியிலும் அவ்விடத்தில் அந்நூல் இல்லை. வழங்கல் பதிவேட்டைப் புரட்டினேன். கடைசியாக அதை எடுத்துச் சென்றவர் எதிர்த் தொகுதியில் வாழும் என் நண்பர். 'திருப்பிய நாள்' என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

அந்த நண்பரும் நானும் இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியவர்கள். நாற்பது ஆண்டுப் பழக்கம். அவரும் அன்று அறையில் இருந்தார். "சார், அந்த மனோன்மணீயத்தைத் திருப்பித் தர மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது" என்றேன். "தந்துவிட்டேனே சார், உங்கள் கையில்தான் கொடுத்தேன்" என்றார். "பதிவேட்டில் இல்லையே" என்றேன். நாலைந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

பதினொரு நாள் கழித்து நூல் கிடைத்தது. கண்டெடுத்தது, தில்லியிலேயே பிறந்து, எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி. "தாத்தா, இதோ இருக்கிறதே, மதுரைக்காஞ்சிக்குப் பக்கத்தில்" என்று எடுத்து நீட்டினாள். பட்டியலைப் பார்த்தேன். அதிலும் மனோன்மணீயம் மதுரைக்காஞ்சிக்கு அடுத்து, மரப்பசுவுக்கு மேலே நின்றது. அகரவரிசை மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. வரிசை தெரியாதவள் ஒவ்வொன்றாகப் பார்த்ததால் கண்டுவிட்டாள். அன்றே நண்பரைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தேன். "சரி சார், கிடைத்ததே, போதும்" என்றார். ஆனால் அதன்பின் ஞாயிறு மாலைகளில் அவர் வரவில்லை.

தொல்காப்பியர் எழுத்துக்களின் எல்லையைக் கூறும்போது அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிக்கிறார். நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அதுவே: வகரத்துக்குப் பின் ழ, ள, ற, ன. கடைசியில் நிற்க வேண்டிய னகரம் என் பட்டியலில் நகரத்தின் தோளை உரசிக்கொண்டு, பகரத்துக்கு முன்னே நின்றிருந்தது. ஏன் என்று விசாரித்தபோது விடை இந்தத் தில்லி மாநகரிலேயே கிடைத்தது.

கணிப்பொறிக்குள் எழுத்துக்கள் எண்களாகவே இருக்கின்றன. இந்திய எழுத்துக்களுக்கு எண் வழங்கும் ஏற்பாடொன்றை மைய அரசின் மின்னணுத் துறை 1988-இல் வகுத்தது. இஸ்கி என்பது அதன் பெயர். 1991-இல் இந்தியத் தர நிறுவனம் அதனை ஐ.எஸ். 13194 என்ற எண்ணுடைய தரமாக வெளியிட்டது. பகதூர் ஷா சஃபர் மார்க்கில் உள்ள அந்நிறுவனத்தின் மானக் பவனைக் கடந்து எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். நம் னகரத்தின் இருக்கை அங்கே தரமாக்கப்பட்டது என்று அறிந்தேனில்லை. எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே சட்டகம் வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். அச்சட்டகம் நாகரி வரிசை. நாகரியில் இடமில்லாத தமிழ் எழுத்துக்களை, ஒலியால் அண்டையில் உள்ளவை என்று கருதப்பட்டவற்றின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நகரத்துக்கு அடுத்து னகரம், ரகரத்துக்கு அடுத்து றகரம், ளகரத்துக்கு அடுத்து ழகரம். உலகப் பொது ஏற்பாடாகிய ஒருங்குறியும் 1988-ஆம் ஆண்டு வரிசையையே தழுவிக்கொண்டது. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறிக் கூட்டமைப்பின் உறுதிமொழி. மாற்றினால் இதுகாறும் சேர்த்த ஆவணங்கள் எல்லாம் பொருளிழக்கும்.

இலக்கணம் படித்தவர்களுக்கு இந்நிலையைக் குறிக்க ஒரு சொல் தேட வேண்டியதில்லை. வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்றாகப் பகுத்து வைத்தார்கள் நம் முன்னோர். பிழையென்று தெரிந்தே, ஒரு காரணம் பற்றிப் பொறுத்துக்கொள்வது வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை வழுவுகிறது. ஆனால் உவப்பினால் சொன்னது என்று அமைத்துக்கொள்கிறோம். எழுத்தின் எண்வரிசையும் இப்போது அத்தகைய வழுவமைதியே. ஆனால் அந்த எண்வரிசையையே அகரவரிசை என்று கொண்டு ஒரு மென்பொருள் நூற்பெயர்களை அடுக்குமாயின் அது வழு, அமைதி கிடையாது. ஏனெனில் ஒவ்வொரு மொழியின் மரபான வரிசையையும் கூறும் தனி அட்டவணைகளை ஒருங்குறிக் கூட்டமைப்பே வெளியிட்டிருக்கிறது. மென்பொருள் அவற்றைக் கேட்டு நடக்க வேண்டும். நான் பயன்படுத்தியது கேட்கவில்லை.

மென்பொருளின் குறையை ஆங்கிலத்தில் பூச்சி என்று சொல்கிறார்கள். 1947-இல் ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியில் சிக்கிய அந்துப்பூச்சி ஒன்றைக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். ஆனால் எடிசன் 1878-இலேயே அச்சொல்லை அப்பொருளில் எழுதியிருக்கிறார். கணித்தமிழ் அன்பர்கள் அதற்கு வழு என்ற பழஞ்சொல்லையே எடுத்துக்கொண்டது எனக்குப் பெருமகிழ்ச்சி. பூச்சியை நசுக்கலாம், வழுவை ஆராய வேண்டும்.

நான் பயன்படுத்தியது கட்டற்ற மென்பொருள் வகையைச் சார்ந்தது. அதன் மூல நிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். இந்த இயக்கம் தோன்றியதற்கே ஒரு வழுதான் காரணம் என்று சொல்லலாம். 1980-ஐ ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் அச்சுப்பொறி ஒன்றை வழங்கியது. அதில் அடிக்கடி காகிதம் சிக்கும். முந்திய அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால், காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி போகுமாறு ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலில் சிறு ஏற்பாடு செய்திருந்தார். புதியதற்கு அவ்வாறு செய்ய மூல நிரல் கிடைக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதனை வைத்திருந்தவரிடம் நேரில் சென்று கேட்டார். எவருக்கும் காட்டுவதில்லை என்று கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். குறை கண்ணெதிரே இருக்கிறது, திருத்தும் ஆற்றல் கையில் இருக்கிறது, திருத்த உரிமை இல்லை. அந்த மனக்கசப்பு 1983-இல் குனு திட்டமாக உருவெடுத்தது. திருத்த முன்வரும் அன்பர்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. என்னைப் போன்ற நிரல் அறியாதோருக்கும் ஒரு சாளரம் உண்டு. வழுக்களைப் பதியும் பொதுப் பதிவேடு. அங்கே போய் எழுதினேன்.

என்ன எழுதினேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. 1974-இல் தட்டச்சராகத் தில்லிக்கு வந்து, மத்தியத் தலைமைச் செயலகத்தில் பிரிவு அதிகாரியாக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தொன்பது ஆண்டு குறிப்பெழுதிய கை. தலைப்பில் 'தமிழ் முற்றிலும் தவறு' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஈராயிரம் ஆண்டு இலக்கணம் உடைய மொழியை இவ்வாறு நடத்துவது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று மூன்று பத்தி. செம்மொழி என்று 2004-இல் இந்திய அரசு அறிவித்ததையும் விடவில்லை. பதினைந்து நாளுக்குள் செப்பம் செய்ய வேண்டும் என்று முடித்தேன். மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்தப் பொத்தானை அழுத்தினேன், எந்தச் சொல் எங்கே நின்றது என்பனவற்றில் ஒன்றும் அதில் இல்லை. நண்பரிடம் பட்ட வெட்கத்தை அந்த மென்பொருளின்மேல் இறக்கி வைத்தேன் என்பது இப்போது புரிகிறது.

மறுநாளே விடை வந்தது. எழுதியவர் யார், எந்த நாட்டினர் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். எந்தப் பதிப்பு? என்ன செய்தீர்கள்? எதை எதிர்பார்த்தீர்கள், எதைக் கண்டீர்கள்? அதன் கீழே ஒரு வரி. 'எனக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பட்டியல்களை என்முன் வைத்தால் எது சரி என்று என்னால் சொல்ல முடியாது. தயைகூர்ந்து நீங்கள் சொல்லுங்கள்' என்பது அதன் கருத்து.

முதலில் சினந்தான் வந்தது. கசடதபற என்பதற்கும் சான்று கேட்பார்களோ என்று முணுமுணுத்துக்கொண்டு மறுநாள் காலை நடைக்குப் போனேன். பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றியபோதுதான் அந்த வரியின் பொருள் உறைத்தது. அவருக்குப் பட்டியலின் ஒவ்வோர் எழுத்தும் கோலம். சீன மொழிப் பட்டியலொன்றை என்முன் வைத்து 'வரிசை சரிதானா' என்றால் நான் என்ன சொல்வேன்? அம்மென்பொருளை ஆக்கியவர்களுள் ஒருவருக்கும் இக்குறை கண்ணில் பட வழியில்லை. ஒரு மனிதர் எவ்வளவு தேர்ந்த நிரலாளராயினும், னகரம் இடம் மாறி நிற்பதைத் தமிழ் கற்ற ஒருவர் சொன்னாலன்றி அவர் அறியார். சொல்லும் கடன் நம்முடையது. சொல்லாமல் இருந்துவிட்டு, உலகம் தமிழைப் புறக்கணிக்கிறது என்று நம்முள் நாமே குறைபட்டுக்கொள்வதில் பயனில்லை.

செயலகத்தில் புதுத் தாள் ஒன்று வந்தால் நாங்கள் முதலில் செய்வது முந்தைய தாள்களைத் தேடுவது. இதே பொருளில் கோப்பு உண்டா, அதில் என்ன முடிவாயிற்று என்று பார்க்காமல் புதுக் கோப்புத் திறந்தால் மேலதிகாரி முகத்தில் எறிவார். இத்தனை ஆண்டுப் பழக்கத்தை நான் அன்று மறந்தே போனேன். இப்போது தேடினேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பே யாரோ ஒரு தமிழர் இதே குறையைப் பதிந்திருந்தார். 'தமிழ் வரிசை சரியில்லை' என்று ஒற்றை வரி. சரியான வரிசை எது என்று அப்போதே கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடையில்லை. மாறாக, பதினொரு பேர் வந்து 'எனக்கும் அப்படியே' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் வசை பாடியிருந்தார். ஓராண்டு சென்றபின், வேண்டிய விவரம் கிடைக்காமையால் கோப்பு முடிக்கப்படுகிறது என்று எழுதி மூடிவிட்டார்கள். பதின்மூன்று தமிழர் வந்துபோன இடத்தில், பதினெட்டு மெய்யெழுத்துக்களை வரிசையாக எழுதிக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினான்காவதாக நான் போய்த் தொல்காப்பியப் பெருமை பேசியிருக்கிறேன்.

பழைய தமிழ் நூல்களின் கடைசியில் 'பிழை திருத்தம்' என்றொரு பக்கம் இருக்கும், பலரும் பார்த்திருப்பீர்கள். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்தி. அங்கே சினம் இல்லை, அச்சுக்கோப்பவரை ஏசுவதில்லை. எங்கே, எது, எப்படி இருக்க வேண்டும், அவ்வளவே. மேலைநாட்டு நிரலாளர்கள் இன்று கேட்பதும் ஏறத்தாழ அந்த நான்கு பத்திகளே. சைமன் டாதம் என்ற ஆங்கிலேய நிரலாளர் வழுவை எவ்வாறு உரைப்பது என்று 1999-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் வற்புறுத்துவதும் இதுதான்: உங்கள் ஊகத்தைச் சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள், அவர் தம் இடத்தில் இருந்துகொண்டே அதே தவற்றைக் காணும்படி சொல்லுங்கள். என் முதற் கடிதத்தில் ஊகம் மட்டுமே இருந்தது.

இரண்டாம் முறை எழுதியது ஒரு பக்கம். மங்கையர்க்கரசியின் காதல், மணிமேகலை, மதுரைக்காஞ்சி, மரப்பசு, மலைபடுகடாம், மனோன்மணீயம் ஆகிய ஆறு தலைப்புகள். இவற்றை உள்ளிட்டு இந்தப் பொத்தானை அழுத்துக. ஆறாவதாக வர வேண்டியது நான்காவதாக வருகிறது. கீழே பதினெட்டு மெய்களும் மரபு வரிசையில். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் ஒருங்குறி எண். பழைய கோப்பின் எண்ணையும் சுட்டினேன். முதற் கடிதத்தின் நடைக்கு வருத்தம் தெரிவித்தேன். அன்று மாலையே 'இப்போது தெரிகிறது' என்று விடை வந்தது.

இதன்பின் நாற்பது நாள் மௌனம். செயலகப் பழக்கம் சும்மா விடுமா? பத்து நாளுக்கொரு நினைவூட்டு அனுப்பினேன். அலுவலகத்தில் நினைவூட்டு என்பது கடமை, அனுப்பாவிட்டால்தான் குற்றம். அங்கே அது வேறு பொருள் தருகிறது. சம்பளம் இன்றி, பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளை உறங்கச் செய்தபின் இரவில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர், பதிவேட்டைத் திறந்தால் கடன்காரர்கள் வாசலில் நிற்பது போல் ஒரு வரிசை. மூன்றாவது நினைவூட்டுக்குப் பின், எனக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுத்த இளைஞர்தான் தயங்கித் தயங்கி, "அங்கிள், அவர்கள் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் இல்லை" என்றார். நிறுத்திக்கொண்டேன்.

அவர் சொன்னதன் முழுக் கனமும் 2024 மார்ச்சு இறுதியில் எனக்கு விளங்கியது. எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கி வைக்கும் ஒரு சிறு மென்பொருள். உலகின் எண்ணற்ற கணிப்பொறிகளில் அடித்தளமாகக் கிடப்பது. பல்லாண்டுகளாக ஊதியமின்றி அதனைப் பேணி வந்தவர் ஒருவரே. 2022-இல் சில பெயர்களிலிருந்து அவருக்குத் தொடர்ந்து கடிதங்கள் வந்தன. ஏன் தாமதம், உங்களால் முடியாவிட்டால் வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்ற வகைக் கடிதங்கள். மனநலக் குறைவால் தம்மால் முன்போல் செய்ய இயலவில்லை என்றும், இது கூலியில்லாத விருப்பப் பணி என்றும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். அப்போது பணிவோடும் பொறுமையோடும் உதவிக்கு வந்த ஒருவரிடம் மெல்ல மெல்லப் பொறுப்பு போயிற்று. அந்த உதவியாளர் 2024 தொடக்கத்தில் வந்த இரண்டு பதிப்புகளுக்குள் கள்ள வாயில் ஒன்றை மறைத்து வைத்துவிட்டார். நெருக்கிக் கடிதம் எழுதிய பெயர்கள் பொய்ப்பெயர்கள் என்றும், எல்லாம் ஒரே சூழ்ச்சியின் பகுதி என்றும் ஐயுறுகிறார்கள். ஓய்ந்துபோன ஒரு மனிதரைக் கடுஞ்சொல்லால் மேலும் ஓய வைப்பதே ஒரு போர்முறையாகிவிட்டது! நான் அனுப்பிய மூன்று நினைவூட்டுகளும் அந்தக் கடிதங்களின் நடையிலேயே இருந்தன என்று எண்ணியபோது உள்ளம் கூசியது.

அச்சூழ்ச்சி வெளிப்பட்டதும் ஒரு வழுவுரையால்தான். ஆண்டிரஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர், தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை வினாடி! நம்மில் எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். அவர் விடாமல் தேடி, காரணம் கண்டு, 2024 மார்ச்சு 29 அன்று விவரமாக எழுதி உலகுக்கு அறிவித்தார்.

வழுவுரைப்பவரின் பக்கமும் சிறிது பேச வேண்டும். பொறுமை முழுவதும் அவருக்கே விதிக்கப்பட்டதன்று. பதிவேட்டில் எழுதுவதற்கே மூன்று கணக்குகள் தொடங்கச் சொல்லும் இடங்கள் உண்டு. ஒன்பது மாதம் ஒருவரும் பார்க்காமல், பார்க்கப்படாமையையே காரணமாகக் காட்டி இயந்திரம் ஒன்று கோப்பை மூடுவதும் உண்டு. அதுபோன்ற கொடுமையை நம் அலுவலகங்களிலும் நான் கண்டதில்லை. 'என் கணிப்பொறியில் சரியாக வேலை செய்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோரும் உளர். கூடல் அவையில் நக்கீரர் குற்றம் கண்டபோது, பாட்டைக் கொண்டுவந்த தருமியை நோகவில்லை, பாட்டைத்தான் நொந்தார். ஆனால் பாட்டுக்கு உரியவர் நெற்றிக்கண்ணைத் திறந்தார். அத்தகைய நெற்றிக்கண்கள் மென்பொருள் உலகிலும் பல. அவற்றின்முன் நின்று குறை சொல்லிவிட்டு, பொற்றாமரைக் குளத்தைத் தேடி ஓடியவர்களை நான் அறிவேன்.

இதற்கு நேர்மாறானவர் டொனால்ட் கனூத். அச்சுக்கோப்பதற்கான டெக் என்ற மென்பொருளை ஆக்கி உலகுக்கு வழங்கிய பேராசிரியர். தம் நூல்களில் பிழை காண்போர் ஒவ்வொருவருக்கும் 2 டாலர் 56 செண்ட்டுக்குக் காசோலை அனுப்பி வந்தார். பதினாறின் அடிப்படையில் எண்ணுவோருக்கு 256 செண்ட் என்பது ஒரு டாலர் என்பது அவர் வேடிக்கை. பெற்றவர்களில் பலர் அதனை வங்கியில் கட்டாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். 2008-இல் வங்கி மோசடிகளுக்கு அஞ்சி உண்மைக் காசோலையை நிறுத்தி, இல்லாத நாட்டு வங்கியொன்றின் பெயரால் சான்றிதழ் அனுப்பத் தொடங்கினார். மதிப்புக் குறையவில்லை. தம் பிழையைக் காட்டியவரைக் கொண்டாடும் புலவரைப் பற்றி நம் அவையடக்கப் பாடல்கள் பேசுகின்றன. அவற்றுள் எத்தனை மனமறிந்து சொன்னவை என்பதில் எனக்கு ஐயமுண்டு. இவர் ஒவ்வொரு பிழைக்கும் விலை கொடுத்தார்.

நாற்பது நாள் மௌனத்துக்குப் பின் எனக்கு ஒரு மடல் வந்தது. எண்வரிசைக்கு மாற்றாக மரபு அட்டவணையைக் கேட்டு நடக்குமாறு நிரலை மாற்றியிருப்பதாகவும், வெளியிடும் முன் சோதித்துச் சொல்ல இயலுமா என்றும் கேட்டிருந்தார்கள். அந்தச் சோதனைப் பதிப்பை என் கணிப்பொறியில் ஏற்ற இளைஞரும் நானும் ஒரு ஞாயிறு முழுவதும் போராடினோம். ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் மனோன்மணீயம் தன் இடத்தில், மகர அகரத்தின் கடைசியில், 'மா'வுக்கு முன்னே நின்றது. ஆனால் ஆங்கிலத் தலைப்புடைய நூல்கள் நான்கும் எங்கோ மறைந்துவிட்டன! இம்முறை சினம் வரவில்லை. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன கண்டேன் என்று எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் அதுவும் சீராயிற்று. 2023 ஏப்ரலில் புதுப் பதிப்பு வெளிவந்தது. மாற்றங்களைக் கூறும் பட்டியலில், பொடி எழுத்தில், தமிழ் அகரவரிசை திருத்தப்பட்டது என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் அறிவித்தவர் என்று என் கணக்கின் பெயர். எத்தனையோ அமைச்சரவைக் குறிப்புகளை வரைந்திருக்கிறேன். ஒன்றிலும் என் பெயர் வந்ததில்லை. அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

புதிய பட்டியலையும் வழங்கல் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு எதிர்த் தொகுதிக்குப் போனேன். நண்பர் கதவைத் திறந்து, "வாங்கோ சார்" என்று வழக்கம்போல் சொன்னார். மாமி காப்பி கொண்டுவந்து வைத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பதிவேட்டைப் பிரித்து அந்த வெற்றுக் கட்டத்தில் விரலை வைத்தேன். மென்பொருள் னகரத்தை இடம் மாற்றியது உண்மை. ஆனால் இந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டது மென்பொருள் அன்று. நூலை அவர் என் கையில் கொடுத்த நாள், நான் யாருடனோ பேசிக்கொண்டு அதை அலமாரியில் வைத்துவிட்டுப் பதிய மறந்திருக்கிறேன். "என்றைக்குத் தந்தீர்கள் சார்?" என்று கேட்டேன். "போகிக்கு முதல் நாள். நீங்கள் பொங்கல் வசூல் கணக்கில் இருந்தீர்கள்" என்றார். நாளைக் குறித்துக் கையெழுத்திட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காப்பியை என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு புதிய பட்டியலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்தவர். அந்த விரலுக்குத் தப்புவது அரிது. கடைசித் தாளில் விரல் நின்றது.

"சார், 'ஸ்ரீ' என்று தொடங்கும் புத்தகங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றனவே?"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மூன்று ஓரிடத்தில், இரண்டு வேறிடத்தில். இரண்டு இடத்திலும் எழுத்து ஒன்றுபோலவே இருந்தது. வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் தெரிந்தது: இந்த எழுத்தைக் கணிப்பொறியில் இரண்டு வகையாக எழுதலாமாம். ஸகரத்தைக் கொண்டு எழுதுவது ஒன்று. 2005-இல் ஒருங்குறியில் புதிதாகச் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டு எழுதுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கு வேறு வேறு. நானே சில நூல்களை ஒரு விசைப்பலகையிலும் சிலவற்றை மற்றொன்றிலும் தட்டியிருக்கிறேன். அப்படியானால் இது மென்பொருளின் வழுவா, என் வழுவா, அல்லது அமைத்துக்கொள்ள வேண்டியதா?

அன்று இரவு பதிவேட்டைத் திறந்து, இதற்கு முந்தைய தாள்கள் உண்டா என்று தேடத் தொடங்கினேன்.